8 ஜிபி போட்டேன், 3.25 ஜிபிதான் கிடைத்தது

கிள்ளானில் என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேசைக் கணினி. விண்டோஸ் 7, அதுவும் 32 பிட். வாடிக்கையாளர்களின் கடன் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. சென்ற விடுமுறையில் அது ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்வதைப் பார்த்து, "நினைவகம் பத்தல மாமா, நான் பார்த்துக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏற்கெனவே இருந்தது 4 ஜிபி. இன்னொரு 4 ஜிபி வாங்கி வந்து பொருத்தினேன்.

திரையில் 8 ஜிபி என்று காட்டியது. பக்கத்திலேயே, பயன்படுத்தக்கூடியது 3.25 ஜிபி மட்டுமே என்றும் காட்டியது.

"ஏன்டா, கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன். நேராக அந்தக் கடைக்குப் போய்க் குரலை உயர்த்திப் பேசினேன். அங்கிருந்த தொழில்நுட்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "32 பிட்டா, 64 பிட்டா?" கணினி அறிவியல் படிக்கும் எனக்கு அந்தக் கேள்வி முதலில் தோன்றவில்லை என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் வீட்டு எண் போல ஓர் எண் வேண்டும். எண் இல்லாத வீட்டுக்குக் கடிதம் போகாது. 32 பிட்டுகளைக் கொண்டு 4,294,967,296 எண்களைத்தான் எழுத முடியும். அதாவது 4 ஜிபி. அதையும் நினைவகம் மட்டும் அனுபவிப்பதில்லை. திரைக்கான கிராஃபிக்ஸ் அட்டையும் மற்றச் சாதனங்களும் அதே வரிசையிலிருந்துதான் எண்களை எடுத்துக்கொள்கின்றன. மாமாவின் கணினியில் அப்படிப் போனது முக்கால் ஜிபி. பழைய 4 ஜிபியிலும் அந்த முக்கால் ஜிபி சும்மாதான் கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1995இல் வந்த பென்டியம் புரோ சில்லிலேயே 36 பிட் முகவரிக்கு வழி இருந்தது. 64 ஜிபி வரை எட்டலாம். மைக்ரோசாஃப்ட்டின் சில 32 பிட் சர்வர் பதிப்புகள் அதைப் பயன்படுத்தின. வீட்டுப் பதிப்புகளில் மட்டும் 4 ஜிபியோடு நிறுத்திவிட்டார்கள். சாதனங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் பல, அதற்கு மேலான முகவரிகளை எதிர்பார்க்காமல் எழுதப்பட்டிருந்ததால் கணினி முடங்கியதே காரணம். ஆக, எங்களைத் தடுத்தது சில் அல்ல.

சரி, 64 பிட் விண்டோஸைப் போட்டுவிடலாம் என்று வட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் அழிக்கும் முன் ஒரு முறை சரிபார்த்தது நல்லதாய்ப் போயிற்று. மாமாவின் கணக்கு மென்பொருள் டாஸ் காலத்தது, 16 பிட். 64 பிட் விண்டோஸ் 16 பிட் மென்பொருளை இயக்காது. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட கடன் கணக்கைத் திறக்க முடியாமல் செய்திருப்பேன்.

அந்த டாஸுக்கும் ஓர் எல்லை இருந்தது. 1981இல் ஐபிஎம் விற்பனைக்குக் கொண்டுவந்த பிசியில் இருந்தது இன்டெல் 8088. அதற்கு 20 முகவரிக் கம்பிகள். மொத்தம் 1 எம்பிதான் எட்டும். அதில் 384 கேபியைத் திரைக்கும் கணினியின் உள் மென்பொருளுக்கும் ஒதுக்கிவிட்டு, மீதி 640 கேபியை நிரல்களுக்கு விட்டார்கள். அந்தக் கணினியின் ஆரம்ப வடிவம் வெறும் 16 கேபியோடு விற்கப்பட்டதால், 640 என்பது அப்போது பெரிய மைதானமாகத் தெரிந்திருக்கும். 1985இல் வந்த 386 சில்லுக்கு 4 ஜிபி வரை எட்டும். ஆனால் பழைய நிரல்கள் ஓட வேண்டும் என்பதற்காக டாஸ் அதே 640க்குள் குடித்தனம் நடத்தியது. மவுஸ் டிரைவர், சிடி டிரைவர் என்று ஒவ்வொன்றும் அதில் ஒரு துண்டைத் தின்னும். கணினியில் 4 எம்பி இருந்தும் நினைவகம் போதாது என்று விளையாட்டு நின்றுவிடும். 1991இல் வந்த டாஸ் 5, தன் உடம்பில் ஒரு பகுதியை 1 எம்பிக்கு மேலே நகர்த்தி வைத்துக்கொண்டு கொஞ்சம் இடம் விட்டுக்கொடுத்தது.

640 கேபிக்காக எழுதப்பட்ட ஒரு நிரலுக்காகத்தான் மாமாவின் கணினி 4 ஜிபியைத் தாண்ட முடியாமல் நிற்கிறது.

இன்னொரு தலைவலி, விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரியோடு பொதுவாக நின்றுவிட்டன. மாமாவோ அதே கணினியில் வங்கிக் கணக்கையும் திறந்துகொண்டிருந்தார். முதல் வேலையாக இணைய வயரைப் பிடுங்கினேன். வங்கி வேலைக்கு என் பழைய மடிக்கணினியைக் கொடுத்தேன். இப்போது வார இறுதிகளில் ஒவ்வொருவர் கணக்காக அச்சிட்டு, புதிய விரிதாளில் தட்டச்சு செய்கிறோம். 'க' வரிசையில் இருக்கிறோம். மாமா பெயரை வாசித்து, "இவர் போய்ச் சேர்ந்துட்டார், விட்டுடு" என்று சில கணக்குகளைத் தாண்டச் சொல்கிறார்.

அந்த 4 ஜிபியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார், பணத்தைத் திருப்பித் தரவில்லை.