கிங்கின் காசோலையும் சொற்கலைக் கலைச்சொற்களும்

அமெரிக்க மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏ.பி. ஆங்கில மொழி மற்றும் கட்டுரைத் தேர்வில், ஓர் உரைநடைப் பகுதியைத் தந்து, அதன் ஆசிரியர் கேட்போரை எவ்வாறு இணங்க வைக்கிறார் என ஆராயச் சொல்லும் வினா ஒன்று உண்டு. அதற்குரிய 6 மதிப்பெண்களில் 4 சான்றுக்கும் அதன் விளக்கத்துக்கும் உரியவை என்பதால், அணியின் பெயரை மட்டும் சுட்டிச் செல்லும் மாணவர் பெரிதாக எதையும் ஈட்டுவதில்லை.

அவ்வாராய்ச்சிக்கு அடிப்படை அரிஸ்டாட்டில் வகுத்த மூன்று வழிகளாகும். பேசுவோர் மீதுள்ள நம்பிக்கையால் இணங்க வைப்பது ஈதோஸ், கேட்போரின் உணர்ச்சியைத் தூண்டுவது பேத்தோஸ், வாதத்தின் ஏரணத்தால் வெல்வது லோகோஸ். பாடநூல்கள் இவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டினாலும், நல்ல பேச்சில் அவை ஒன்றுக்குள் ஒன்றாகவே இயங்குகின்றன என்பதற்கு, 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரை சான்றாகும்.

அவ்வுரையின் முற்பகுதியில், நாட்டை நிறுவியோர் எழுதிய அரசமைப்பும் சுதந்திரப் பிரகடனமும் குடிமக்கள் அனைவருக்கும் தரப்பட்ட கடனுறுதிச் சீட்டாகவும், கறுப்பின மக்கள் பெற்றது கணக்கில் பணமில்லையென்று திரும்பி வந்த காசோலையாகவும் உருவகிக்கப்படுகின்றன. உருவகத்தை ஒரே தொடரில் முடித்துவிடாமல், வங்கி, பெட்டகம், இருப்பு என அதன் கிளைகளையும் பொருத்திக்கொண்டே செல்வது தொடர் உருவகம் எனப்படும். உரிமையைக் கொடையாக இரக்காமல், வரவேண்டிய கடனாகக் கேட்பதே இதன் நுட்பம். சீட்டு எழுதிக்கொடுத்தவர் பணம் தர மறுப்பதற்கு எந்த ஏரணமும் இடம் தராது. அலங்காரம் என்று மாணவர்கள் எளிதில் கடந்துவிடும் உருவகம் இங்கே லோகோஸின் பணியைச் செய்கிறது.

முந்தைய நூலையோ உரையையோ வெளிப்படையாகச் சுட்டாமல் நினைவூட்டுவது அலூஷன். லிங்கன் தம் 1863 கெட்டிஸ்பர்க் உரையின் தொடக்கத்தில் ஆண்டுகளை இருபது இருபதாகக் கணக்கிட்ட முறையிலேயே கிங்கும் தொடங்கினார். அதுவும் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்றபடி தொடங்கியதால், லிங்கனுக்குரிய மதிப்பு கிங்கின் வாதத்துக்கும் வந்து சேர்ந்தது.

கனவைப் பற்றிய புகழ்பெற்ற பகுதியோ எழுதி வைத்திருந்த உரையில் இல்லாதது. அதில் ஆளப்படுவது, அடுத்தடுத்த வாக்கியங்களை ஒரே தொடரால் தொடங்கும் அனஃபோரா. பின்வருநிலையணியை அறிந்த தமிழ் வாசகருக்கு இது அந்நியமன்று. ஆனால் அங்கே சொல் எவ்விடத்தில் மீண்டு வரினும் அணியாகும், இங்கோ தொடக்கத்தில் நிற்றல் கட்டாயம். தொடக்கம் முன்பே தெரிந்துவிடுவதால் கேட்போரின் கவனம் வாக்கியத்தின் மாறும் பகுதிக்கே செல்கிறது. ஜார்ஜியா, மிசிசிப்பி, அலபாமா ஆகிய மாநிலப் பெயர்களையும் தம் நான்கு பிள்ளைகளையும் கிங் வைத்திருப்பது அவ்விடத்தில்தான்.