ஒரு லின்க்ஸைக்கூட நேர்ல பார்க்காம எத்தனைன்னு சொல்றது எப்படி?

இன்னைக்கு கேள்வி சின்னது: சுவிட்சர்லாந்து காட்டுல எத்தனை லின்க்ஸ் இருக்கு?

லின்க்ஸ்ங்கிறது குட்டை வாலும், காது நுனியில கறுப்பு முடிக்கொத்தும் இருக்கிற ஒரு பெரிய காட்டுப்பூனை. அந்த நாட்டுல வேட்டையால அடியோட அழிஞ்சே போச்சு. 1971-ல கார்பாத்தியன் மலைகள்ல இருந்து கொண்டுவந்து மறுபடியும் விட்டாங்க. அந்தச் சண்டை இன்னும் ஓயல. "எங்க ஆட்டையும் மானையும் தின்னுது, ரொம்பப் பெருகிடுச்சு"ன்னு ஒரு தரப்பு. "இன்னும் ஆபத்துலதான் இருக்கு"ன்னு இன்னொரு தரப்பு. பஞ்சாயத்து முடியணும்னா நம்பகமான ஒரு நம்பர் வேணும்.

பேஜ் வியூ வேற, யூசர் வேற

நம்பருக்கு முதல் படி, கேமரா ட்ராப். ஒரு விலங்கு முன்னாடி நடந்தா தானா போட்டோ எடுக்கிற கேமரா. ஆனா 40 போட்டோ வந்தா 40 லின்க்ஸ்னு அர்த்தம் இல்ல. ஒரே ஆள் உங்க வெப்சைட்டை 40 தடவை ரெஃப்ரெஷ் பண்ணியிருக்கலாம் இல்லையா? அந்த மாதிரிதான்.

அதுக்கு யூசர் ஐடி வேணும். லின்க்ஸோட ஐடி அதோட உடம்புப் புள்ளிகள். நம்ம கைரேகை மாதிரி ஒண்ணுக்கொண்ணு வேற. ஆனா இடது பக்கப் புள்ளியும் வலது பக்கப் புள்ளியும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்க போட்டோ மட்டும் இருந்தா, ஒரே லின்க்ஸை ரெண்டா எண்ணிடுவோம். அதனால ஒவ்வொரு இடத்துலயும் பாதைக்கு ரெண்டு பக்கமும் எதிரெதிரா ரெண்டு கேமரா வைக்கிறாங்க. அங்க லின்க்ஸைக் கண்காணிக்கிற கோரா அமைப்பு இதைக் குளிர்காலத்துல 60 ராத்திரி செய்யுது. 5 ராத்திரி ஒரு ரவுண்டு, மொத்தம் 12 ரவுண்டு.

கேமராவுல மாட்டாததை எண்றது

மேஜிக் இங்கதான். ஒரு கற்பனைக் கணக்கு: முதல் ரவுண்டுல 8 லின்க்ஸ் மாட்டுது. அடுத்த ரவுண்டுல 6. அந்த 6-ல 4 ஏற்கெனவே பார்த்த முகம். அதாவது மொத்தக் கூட்டத்துல மூணுல ரெண்டு பங்கை முதல் ரவுண்டுலயே பார்த்துட்டோம்னு தெரியுது. அப்போ மொத்தம் 12. ரெண்டு ரவுண்டும் சேர்த்து நாம பார்த்தது 10 தான். பார்க்காத 2-ஐயும் கணக்கு சொல்லிடுச்சு. திரும்ப மாட்டின முகங்கள்தான் இங்க துப்பு.

இந்த ஐடியாவை கேமராவோட சேர்த்து முதல்ல பெரிய பூனைகள்ல செஞ்சு காட்டினது நம்ம பக்கத்துலதான். கர்நாடகாவோட நாகரஹொளே காட்டுல, 1995-ல வெளியான ஆய்வுல, உல்லாஸ் காரந்த் புலிகளை இப்படித்தான் மதிப்பிட்டார். அவர் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், கேட்டுக்கோங்க!

12 சரி, எவ்வளவு இடத்துல?

இது இன்னும் சிக்கல். ஒரு ஆண் லின்க்ஸ் 100 சதுர கி.மீ.க்கு மேலயும் சுத்தும். ஆய்வுப் பகுதியோட ஓரத்துல இருக்கிறது பாதி நாள் வெளியதான் இருக்கும். அதை முழுசா எண்ணினா அடர்த்தி ஏறிடும்.

இப்போ இருக்கிற மாடல் ஒவ்வொரு லின்க்ஸுக்கும் நடமாட்டத்தோட ஒரு மையப்புள்ளி இருக்குன்னு எடுத்துக்குது. கேமரா அந்த மையத்துக்குப் பக்கத்துல இருந்தா மாட்ட வாய்ப்பு அதிகம், தள்ளிப்போனா குறையும். வைஃபை சிக்னல் மாதிரி. எந்த கேமராவுல எது மாட்டிச்சுங்கிறதை வச்சு, 100 சதுர கி.மீ.க்கு எத்தனை மையப்புள்ளின்னு மதிப்பிடுறாங்க. அதான் அடர்த்தி. குட்டிகளைத் தனியா வச்சுட்டுப் பார்த்தா, சுவிஸ்ல நல்ல பகுதிகள்ல இது ஏறக்குறைய 1-ல இருந்து 4 வரைக்கும் வருது.

நம்பர் காட்டிக்கொடுத்த குற்றம்

தென்மேற்குல இருக்கிற வாலே மாநிலத்துல லின்க்ஸுக்கு ஏத்த காடு இருக்கு. ஆனா கேமரா கணக்குல அடர்த்தி மத்த இடங்களைவிட ரொம்பக் கம்மி. ஏன்னு தேடினா, லின்க்ஸ் உள்ள வரக்கூடிய ஒரு வழியில சட்டவிரோதமா வச்ச சுருக்குக் கண்ணிகள். 2021-ல வெளியான ஆய்வு, திருட்டு வேட்டைதான் முக்கியக் காரணம்னு சொல்லுது. அடர்த்தியைக் கணக்குப் போடலன்னா, "அங்க லின்க்ஸ் அதிகம் கிடையாது"ன்னு விட்டிருப்பாங்க.

அடுத்த தடவை "காட்டுல இத்தனை புலி, இத்தனை சிறுத்தை"ன்னு நியூஸ் பார்த்தா மூணு கேள்வி கேளுங்க: எத்தனை தனித்தனி முகம்? எவ்வளவு பரப்புல? குறைஞ்சது எத்தனை, அதிகபட்சம் எத்தனை? மூணாவதுக்குப் பதில் இல்லாத நம்பரை அப்படியே நம்பிடாதீங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்!