ரோமாபுரி வைத்தியரும் நம்ம வீட்டு மிளகும்

போன மார்கழியில் ஒருநாள். ஆரணியில் என் வைத்தியசாலைக்கு ஒரு பட்டு நெசவாளி வந்தார். நாற்பது வயசு இருக்கும். வாய் திறந்து பேசுவதற்குள் நாலு தடவை இருமிவிட்டார். கூட வந்த மனைவி முந்திக்கொண்டார்.

"ரெண்டு மாசமா இதேதாங்க ஐயா. மிளகு கஷாயம், மிளகுப் பால், மிளகு ரசம்னு எல்லாம் குடுத்துட்டேன். மிளகுக்கு அடங்காத இருமல் இல்லைன்னு எங்க அம்மா சொல்லுவாங்க. இவருக்கு மட்டும் ஏன் கேக்கல?"

நியாயமான கேள்விதான். உங்கள் வீட்டிலும் இப்படித்தானே சொல்வார்கள்? இந்த நம்பிக்கை நம்முடையது மட்டுமல்ல. ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியிலும் இதே நம்பிக்கைதான்!

கப்பல் ஏறிய மிளகு

அந்தக் காலத்தில் சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்கு யவனர் கப்பல்கள் வந்து மிளகு ஏற்றிப் போனதை அகநானூறு சொல்கிறது. இந்தப் பக்கம் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்தபோது இத்தாலி நாட்டு மண்பாண்டங்களும் மது வந்த ஜாடித் துண்டுகளும் கிடைத்தன.

ரோமில் மிளகு என்ன விலை தெரியுமா? முதல் நூற்றாண்டில் பிளினி என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு ரோமானிய ராத்தல், அதாவது சுமார் 327 கிராம் கருமிளகு 4 தெனாரியஸ். திப்பிலி 15 தெனாரியஸ். ஒரு கூலியாளின் நாள் சம்பளமே ஏறக்குறைய ஒரு தெனாரியஸ்தான். வெறும் காரத்துக்காக இந்தியாவுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்களே என்று அலுத்துக்கொள்கிறார் மனிதர்!

அவர்கள் வைத்தியம்

அதே நூற்றாண்டில் வாழ்ந்த டயாஸ்கோரிடீஸ் என்ற கிரேக்க வைத்தியர் மூலிகைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். மிளகு உடம்புக்குச் சூடு தரும், செரிமானம் கொடுக்கும், சிறுநீரைப் பெருக்கும், இருமலுக்கும் நெஞ்சு நோய்க்கும் ஆகும் என்கிறார். தொண்டை வீங்கினால் தேனில் குழைத்துத் தடவச் சொல்கிறார். நம் பாட்டி வைத்தியம் மாதிரியே இல்லையா? ஒரு வேடிக்கை, திப்பிலியும் மிளகும் ஒரே செடியில் காய்ப்பவை என்று நினைத்துவிட்டார். கொடியையே பார்க்காதவர், பாவம்! இரண்டும் தனித்தனிக் கொடிகள் என்பது நமக்குத் தெரியும். சுக்கையும் சேர்த்தால் அதுதான் சித்த வைத்தியத்தின் திரிகடுகம்.

சாப்பாட்டு மேஜையிலும் மிளகு இல்லாமல் ரோமானியருக்கு ஆகாது. 1992-ல் இங்கிலாந்தில் ஹாக்ஸன் என்ற ஊரில் ஒரு ரோமானியப் புதையல் கிடைத்தது. அதில் ஒரு வெள்ளி மிளகுக் குப்பி. சீமாட்டி ஒருத்தியின் உருவம், அத்தனை நுணுக்கமான வேலைப்பாடு, ஆங்காங்கே தங்க முலாம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம்.

சாமிக்கும் மிளகு உண்டு. எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள பெரனிகே துறைமுகத்தில், செராபிஸ் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே இருந்தது. நம் வைத்தீஸ்வரன் கோயிலில் நோய் தீர வேண்டி உப்பும் மிளகும் கொட்டுகிறோமே, அது உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா?

அதற்கும் எல்லை உண்டு

கேலன் என்ற பெரிய வைத்தியர் கி.பி. 129-ல் பிறந்தவர். மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்திக்கே மருந்து தயாரித்தவர். மிளகு, அபின், விரியன் பாம்பின் இறைச்சி என்று அறுபதுக்கும் மேற்பட்ட சரக்குகள் சேர்ந்த தெரியாக் என்ற லேகியத்தைச் சக்கரவர்த்தி தினமும் சாப்பிட்டு வந்தார். சகல நோய்க்கும் அதுதான் என்று பேர். ஆனால் கி.பி. 165 வாக்கில் கொள்ளைநோய் வந்தபோது அதன் பாச்சா பலிக்கவில்லை. ஜனங்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். மருந்து நல்லதுதான், நோய் எதுவென்று தெரியாமல் கொடுத்தால் அது என்ன செய்யும்?

வீட்டில் எப்படிக் கொடுக்கலாம்?

சாதாரணச் சளி இருமலுக்குப் பெரியவர்களுக்குப் பத்து மிளகை ஒன்றிரண்டாகத் தட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு அரை டம்ளராகச் சுண்டவைத்து, பனங்கற்கண்டு சேர்த்து இளஞ்சூட்டில் கொடுங்கள். காலை, இரவு இரு வேளை. மூன்று நாள் போதும்.

வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல், மூலம் உள்ளவர்களுக்கு இந்தக் கஷாயம் வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. மிளகிலுள்ள பைப்பரின் என்ற சத்து, சில ஆங்கில மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டிவிடும். வலிப்பு போன்ற நோய்களுக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மிளகை மருந்தாகச் சாப்பிட வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சளியில் ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று ஏதாவது இருந்தாலோ கஷாய டம்ளரைக் கீழே வையுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசு கிடையாது.

அந்த நெசவாளி என்ன ஆனார் என்கிறீர்களா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் முன்பே அவர் என்னிடம் வந்திருந்தார். அப்போதே இருமல் நாலு வாரம். நானும் திரிகடுகச் சூரணம் கொடுத்து, "ஒரு வாரம் கழிச்சு வாப்பா" என்று அனுப்பிவிட்டேன். தறியில் பாதிப் புடவை, அவர் வரவில்லை. அன்றே சளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அது என் தவறுதான்.

இரண்டாம் முறை உடனே அனுப்பினேன். காசநோய் என்று வந்தது. மனைவி, பிள்ளைகளுக்கும் பரிசோதனை நடந்தது. நல்லவேளை, யாருக்கும் இல்லை. ஆறு மாதம் ஒருநாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். இப்போது பழையபடி தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

போன வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, இவருக்கு மிளகு ரசம் வைக்கலாங்களா?"

"தாராளமா வைம்மா. ரசமா இருக்கட்டும், அதையே மருந்துன்னு நம்பி உக்காந்துடாதே!" என்றேன்.