முட்டை திருப்பும் மின்துடிப்பு!

நாமக்கல் என்றாலே முட்டைதான். இன்று சேலம், நாமக்கல் பக்கம் வீட்டிலேயே சிறிய இன்குபேட்டர் வைத்து நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிப்பவர்களும் இருக்கிறார்கள். முட்டைகளை முதல் 18 நாட்கள் அடிக்கடி திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டின் உட்பக்கச் சவ்வில் ஒட்டிக்கொண்டு இறந்துவிடும். இரவு 2 மணிக்கு யார் எழுந்து திருப்புவது? ஒரு ரெசிஸ்டரும் கபாசிட்டரும் திருப்பும்!

எப்படித் துடிக்கிறது?

ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் மெதுவாகச் சென்று கபாசிட்டரை நிரப்புகிறது. குறிப்பிட்ட வோல்டேஜை எட்டியதும் ஐ.சி. தன் நிலையை மாற்ற, கபாசிட்டர் காலியாகத் தொடங்குகிறது. பிறகு மறுபடி நிரம்புகிறது. இந்த ஓயாத துடிப்புதான் ஆர்.சி. ஆசிலேட்டர்.

துடிப்பை 1 மணி நேரமாக நீட்டலாமே என்று தோன்றும். பிரபலமான 555 ஐ.சி.யில் 1 மெகா ஓமுடன் சுமார் 3,300 மைக்ரோ ஃபாரட் வேண்டும். அவ்வளவு பெரிய எலக்ட்ரோலிடிக் கபாசிட்டரில் மின்கசிவு உண்டு; சூட்டில் அது இன்னும் கூடும். நேரம் தவறிவிடும்.

எண்ணினால் போதும்!

சிடி4060 ஐ.சி. குட்டித் துடிப்புகளை எண்ணுகிறது. 10-வது காலில் 680 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதனுடன் வரிசையாக 470 கிலோ ஓம் பிரீசெட்டும், 9-வது காலில் 0.22 மைக்ரோ ஃபாரட் மைலார் கபாசிட்டரும், 11-வது காலில் 2.2 மெகா ஓமும் இணையுங்கள். மூன்றின் மறுமுனைகளையும் ஒன்றாகச் சேருங்கள். 16-வது காலுக்கு 12 வோல்ட். 8, 12-வது கால்கள் கிரவுண்ட்.

7-வது காலில் 4.7 கிலோ ஓம் வழியாக எல்.இ.டி. வையுங்கள். 10 முறை மின்ன 70 விநாடி ஆகும்படி பிரீசெட்டைத் திருப்புங்கள். இப்போது 8,192 துடிப்புக்கு ஒருமுறை, அதாவது சுமார் 1 மணிக்கு ஒருமுறை, 3-வது கால் நிலை மாறும். டிரான்சிஸ்டர், ரிலே வழியாக அது தட்டின் மோட்டாரை இயக்கி, தட்டை இருபுறமும் மாறி மாறி 45 டிகிரி சாய்க்கும். மோட்டார் 230 வோல்ட் என்றால் அந்த இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரத்திலும் இதே தந்திரம்தான். அங்கே குவார்ட்ஸ் படிகத்தின் 32,768 துடிப்புகளை எண்ணினால் 1 விநாடி. படிகம் மிகத் துல்லியமானது. ஆனால் முட்டைக்கு நிமிடக் கணக்கில் முன்பின் ஆனால் கவலையில்லை. சில ரூபாய் கபாசிட்டரே போதும்!