மேலே வால்வை மூடிட்டீங்களா?

குழாய் உடைந்து கூடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது ப்ளம்பருக்கு போன் போட்டால், அவர் முதலில் கேட்பது இதைத்தான். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்ற தேடுதல் பல வீடுகளில் அப்போதுதான் ஆரம்பமாகும். ஆகவே டீயைக் கையில் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு வாருங்கள், அங்கிருந்தே பார்த்துக்கொண்டு இறங்குவோம்.

டேங்கின் அடியிலிருந்து இரண்டு மூன்று குழாய்கள் இறங்குகின்றன பாருங்கள். சமையலறைக்கு ஒன்று, குளியலறைகளுக்கு ஒன்று, சில வீடுகளில் ஃபிளஷுக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு இருக்கும். வட்டமான கைப்பிடி என்றால் கேட் வால்வு, பல சுற்று சுற்ற வேண்டும். நீட்டுக் கைப்பிடி என்றால் பால் வால்வு, கால் சுற்றிலேயே மூடிக்கொள்ளும். அதில் கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. ஒன்றை மூடிவிட்டுக் கீழே ஒருவரை எல்லாக் குழாய்களையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். லைனில் மிச்சமிருக்கும் தண்ணீர் வடிந்த பிறகு எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தின் பெயரை மேலே அந்தக் குழாயிலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள். அரை மணி நேர வேலை. இந்தப் பத்தியில் மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

வால்வு அசையவே இல்லையா? பெரும்பாலும் அசையாது. வருஷக்கணக்கில் தொடாமல் விட்ட கேட் வால்வில் உப்புப் படிந்து இறுகிப்போயிருக்கும். ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் உள்ளே தண்டு ஒடிந்துவிடும், அப்புறம் மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பாருங்கள். மசியவில்லை என்றால், டேங்க் காலியாக இருக்கிற ஒரு நாளாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மாற்றும்படி ஆவதைவிடச் செலவு குறைவுதான். புதிதாகப் போட்டதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறங்கள். கேட் வால்வை முழுக்கத் திறந்த பிறகு அரைச் சுற்று திருப்பி வைப்பது பழைய ப்ளம்பர்களின் வழக்கம். அப்படி வைத்தால் திறந்த நிலையிலேயே இறுகிப்போகாது.

இந்த உப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் வீட்டுக் குழாய்த் தொல்லைகளில் பாதிக்கு மூலம் அதுதான். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. போர் தண்ணீர் பல ஊர்களில் இதையும் தாண்டும். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் சுண்ணாம்பாகப் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். சூடு ஏற ஏறப் படிவதும் கூடும். அதனால் கீசர் திருகை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். எப்படியும் பச்சைத் தண்ணீர் கலந்துதானே குளிக்கப்போகிறீர்கள்? உப்பு ஏறிய வீடுகளில் வருஷத்துக்கு ஒருமுறையாவது கீசரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கீசரின் அடியில் ஒரு சின்ன வால்விலிருந்து, சூடாகும்போது மட்டும் நாலைந்து சொட்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டில் தண்ணீர் விரிகிறது, அந்த அழுத்தம் வெளியேற வைத்த வழி அது. "சொட்டுது" என்று அதற்கு டம்மி போட்டு அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அழுத்தம் போக வழியில்லாத கீசர் வெடிக்கும்.

குழாய் முனையில் நீர் சிதறி வந்தால் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றி ராத்திரி முழுக்க எலுமிச்சைச் சாற்றிலோ புளிக்கரைசலிலோ ஊறப்போடுங்கள், சரியாகிவிடும். சொட்டுகிற குழாயை இன்னும் இறுக்கி மூடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். பழைய மாடலில் அது வாஷரை நசுக்கி, சொட்டை அதிகமாக்கும். வாஷர் சில்லறைக் காசு சமாச்சாரம், மாற்றிவிடுங்கள்.

சத்தமே இல்லாமல் டேங்கைக் காலி செய்வது ஃபிளஷ் டேங்க். உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்தால் தண்ணீர் பீங்கான் சுவரை ஒட்டியபடி கண்ணுக்குத் தெரியாமல் வழிந்துகொண்டே இருக்கும். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை நாலு சொட்டு ஃபிளஷ் டேங்கில் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணாமல் பாருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் கசிகிறது.

இனி போகிற தண்ணீர். சிங்க்கின் கீழே குனிந்து பாருங்கள், பாட்டில் மாதிரி ஒன்று தொங்கும். அதைக் கழற்ற ஆள் தேவையில்லை. கீழே வாளியை வைத்துவிட்டு அடிப்பாகத்தைக் கையால் திருகினாலே வந்துவிடும். உள்ளே சோற்றுப் பருக்கை, கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, டீத்தூள் எல்லாம் சாம்பல் நிறக் கொழகொழப்பில் புதைந்து கிடக்கும். அந்தக் கொழகொழப்புதான் வில்லன். எண்ணெயும் கஞ்சியும் இட்லி மாவும் சேர்ந்து செய்த பசை அது. அது குழாய்ச் சுவரில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வைத்து, கை இறுக்கம் மட்டும் கொடுங்கள். வாணலி எண்ணெயைப் பழைய பேப்பரால் துடைத்த பிறகு கழுவினால் இந்த வேலையே அபூர்வமாகத்தான் வரும். டீத்தூள் செடிக்குப் போகட்டும்.

அடைப்புக்கு ஆசிட் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய்ப் பிசுக்கை அது கரைப்பதில்லை, டைல்ஸ் இடுக்கு சிமென்டைத்தான் தின்கிறது. முதல் நாள் ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. சோடா உப்பும் வினிகரும் ஊற்றச் சொல்லும் வீடியோக்கள்? பொங்குவதைப் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர். ரப்பர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

குளியலறைத் தரையின் ஜாலிக்குக் கீழே ட்ராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்ததும் வீடு நாறுவது அது வற்றிப்போனதால். கிளம்பும்போது ஒவ்வொரு ட்ராப்பிலும் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் வற்றாது. (சிங்க்கில் எண்ணெய் கூடாது என்று இப்போதுதான் சொன்னேன். ஒரு கரண்டிக்கு விதிவிலக்கு.) அப்படியே மாடி வால்வையும் மூடிவிட்டுப் போங்கள்.

வெளிச்சுவரில் கழிவுக்குழாய் இணைப்பின் பக்கத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பறவை எச்சத்தில் வந்த விதை, ஈரம் கிடைத்த இடத்தில் பிடித்துக்கொள்கிறது. அங்கே ஏதோ கசிகிறது என்று அர்த்தம். மேலோடு கிள்ளினால் திரும்பத் துளிர்க்கும், வேரோடு எடுத்துக் கசிவையும் அடைக்க வேண்டும்.

குளியலறையைப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். சுடுதண்ணீர் லைனுக்கு சிபிவிசிதான் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள், யுபிவிசி சூட்டில் இளகும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், பசை காய்ந்த குழாய்களில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்து, ஒரு நாள் விட்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு சுவரிலும் டேப்பை நீட்டி அளவு தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்குக் கண்ணாடி மாட்ட ட்ரில் போட வருகிறவருக்கு அந்தப் படத்தைக் காட்டலாம்.