கம்பி முந்தியா, வீடு முந்தியா?

பெங்களூர் தாசரஹள்ளிப் பக்கம் ஒரு சந்து. அதில் இருபதுக்கு முப்பது சைட்டில் தளம் போட்ட வீடு ஒன்று விலைக்கு வந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற திருப்பத்தூர்க்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியோடு அதைப் பார்க்கப் போனார். சமையலறை, கக்கூஸ், போர்வெல் தண்ணீரின் ருசி, மழை பெய்தால் சந்தில் தண்ணீர் நிற்குமா என்பது வரை விசாரித்தாயிற்று. காம்பவுண்டுக்கு உள்ளேயே, வாசற்படிக்கு வலப்புறம் நின்ற கரண்ட் கம்பத்தை அவருடைய மனைவிதான் கவனித்தார். அதிலிருந்து நாலைந்து கம்பிகள் மாடியின் முன்பக்கத்தை உரசுவது போலப் போய்க்கொண்டிருந்தன.

"ஏங்க, மேலே ரூம் கட்டினா இந்தக் கம்பி கைக்கு எட்டுமே?"

தரகர் சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா. கரண்ட் ஆபீசில் ஒரு மனு எழுதிக் கொடுத்தா, ஒரே வாரத்தில் எடுத்து எதிர்ப்பக்கம் நட்டுடுவாங்க."

அந்தப் பேச்சை நம்பி அட்வான்ஸ் கைமாறியது. மூன்று மாதத்தில் கிரயப் பத்திரமும் பதிவாயிற்று. பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் போட்டது போக மீதி பாங்குக் கடன். மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் தவணை கட்டுவது என்பது அவருடைய கணக்கு. மேஸ்திரி வந்து மேலே பார்த்துவிட்டு, "கம்பி இருக்கும்வரை நான் சாரம் கட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கணக்கு அங்கேயே நின்றது.

வெளிமாநிலத்தில் சொந்த வீடு வாங்கும் நம்மவர்கள் பத்திரத்தைப் பத்துப் பேரிடம் காட்டுகிறார்கள். தலைக்கு மேலே போவதையும் காலுக்குக் கீழே ஓடுவதையும் யாரிடமும் கேட்பதில்லை. வில்லங்கச் சான்றில் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பது தவறு. கர்நாடகத்தில் பாரம் 15 என்று தரப்படும் அந்தச் சான்றில் பதிவான கிரயம், அடமானம் போன்றவைதான் வரும். கம்பம் நட்டதை யாரும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு செய்வதில்லை.

விற்றவர் மேல் வழக்குப் போடலாமா என்றால், அதுவும் கஷ்டம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, சொத்தில் உள்ள முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால், வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு இது பொருந்தாது. மண்ணுக்குள் புதைந்த கேபிளை மறைத்தார் என்று ஒருவரைக் குற்றம் சொல்லலாம். வாசலில் முப்பதடி உயரத்துக்கு நிற்கும் கம்பத்தை மறைத்தார் என்று எப்படிச் சொல்வது?

இடம் யாருக்கு, கம்பம் யாருக்கு?

கம்பம் மின் கம்பெனிக்குச் சொந்தம். அது நிற்கும் மண் வீட்டுக்காரருக்குச் சொந்தம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தையொட்டி 2006-ல் வந்த விதிகளின்படி, தனியார் இடத்தில் கம்பம் நட வேண்டுமானால் முன்கூட்டியே உடைமையாளரின் அல்லது குடியிருப்பவரின் சம்மதம் வேண்டும். அவர் ஆட்சேபித்தால் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடமோ போலீஸ் கமிஷனரிடமோ அனுமதி பெற வேண்டும். அனுமதி தருபவர் நஷ்டஈடோ, ஆண்டு வாடகையோ நிர்ணயிக்க வேண்டும். ஆகவே விற்பவரிடம், "சம்மதக் கடிதம் கொடுத்தீர்களா? ஏதாவது தொகை வாங்கினீர்களா?" என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. பாதிப் பேருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது என்பது வேறு விஷயம்.

பெரிய டவர் லைன்களின் கதை வேறு. அவற்றுக்கு 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் வழி வந்த அதிகாரம் உண்டு. சம்மதம் கேட்காமலே இழுக்கலாம். சேதத்துக்கு ஈடு கொடுத்தால் போதும். நிலம் அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது, பயன்படுத்தும் உரிமை மட்டுமே. ஆனால், நிலத்துக்காரர் அங்கே வீடு கட்ட முடியாது. 66 கிலோவோல்ட் லைனுக்கு ஒதுக்கும் பாதையின் அகலம் 18 மீட்டர், அதாவது 59 அடி. இருபதடி அகல சைட் ஏறக்குறைய மூன்று அதற்குள் அடங்கிவிடும். 220 கிலோவோல்ட் என்றால் 35 மீட்டர். இப்படிப்பட்ட லைனுக்கு அடியில் சைட் மலிவாகக் கிடைக்கிறது என்றால், மலிவுக்குக் காரணம் அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

கன்னட நாட்டில் இந்தக் கம்பிகளுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம், 1902-லேயே மின்சாரம் போயிற்று. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி உழைத்த சுரங்கங்கள் அவை. பெங்களூருக்கு விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905-ல்தான்.

எத்தனை அடி தள்ளி?

வீட்டுக்கும் வெற்றுக் கம்பிக்கும் இருக்க வேண்டிய இடைவெளி விதிகளில் இருக்கிறது. தெருவில் போகும் சாதாரண லைனுக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர், ஏறக்குறைய 4 அடி. மொட்டை மாடிக்கு மேலே போனால் 2.5 மீட்டர். 11 கிலோவோல்ட் லைனுக்குப் பக்கவாட்டில் அதே 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். தெருவைக் குறுக்கே கடக்கும் 11 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த உயரத்தில் போகும் கம்பிக்கு அடியில் பத்தடி உயரத் தளம் போட்டால் மிச்சம் மூன்று மீட்டர்தான். மாடி கட்டாத வீடே விதிக்குப் புறம்பாகிவிடுகிறது! மாடியில் துணி காயவைக்க இரும்புக் குழாய் தூக்கிப் போகிறவர்களும், பட்டம் விடும் பிள்ளைகளும் இதை அறிவதில்லை. டிரான்ஸ்பார்மர் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2022 மார்ச்சில் பெங்களூர் மங்கனஹள்ளியில் டிரான்ஸ்பார்மர் வெடித்ததில், அவ்வழியே ஸ்கூட்டரில் வந்த தந்தையும் மகளும் தீக்காயம்பட்டு இறந்தார்கள்.

கம்பியை நகர்த்தும் செலவு யாருடையது? இங்கேதான் கம்பி முந்தியா, வீடு முந்தியா என்ற கேள்வி வருகிறது. லைனுக்குப் பக்கத்தில் கட்டவோ, மாடி எழுப்பவோ போகிறவர் மின் கம்பெனிக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். லைன் விதிப்படி இழுக்கப்பட்டதா, நகர்த்தும் செலவுக்கு மனுதாரர் பொறுப்பா என்று கம்பெனி ஆராய வேண்டும். பொறுப்பு என்றால் எஸ்டிமேட் வரும். பணம் கட்டிய பிறகே வேலை. வீடு முதலில் இருந்து, இடைவெளி விடாமல் கம்பி பிறகு வந்திருந்தால் வாதாட இடமுண்டு. கம்பிக்கு அடியில் போய் வீடு கட்டியிருந்தால் செலவு வீட்டுக்காரர் தலையில்தான். பணம் கட்டி நட்ட புதுக் கம்பமும் கம்பெனிக்கே சொந்தம்.

இதை நிரூபிக்கப் பழைய பிளானும் வரி ரசீதும் வேண்டும். ரெவின்யூ சைட்டில் கட்டிய வீடுகளுக்குப் பிளான் எங்கே இருக்கிறது?

பழைய கண்டோன்மெண்ட் பகுதியில் வாங்குகிறவர்கள் தரையையும் பார்க்க வேண்டும். அங்கே வீடுகளின் பின்னால் கன்சர்வன்சி சந்துகள் உண்டு. அவற்றின் வழியே சாக்கடைக் குழாய் போகும். பலர் அந்தச் சந்தை வளைத்துச் சமையலறை கட்டிவிட்டார்கள். யூஜிடி சேம்பர் மூடி வீட்டுக்குள் இருந்தால், அந்த வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்று விசாரிப்பது நல்லது.

டேப் சொன்ன சேதி

தாசரஹள்ளிக்காரரின் மனுவுக்கு இரண்டு மாதம் கழித்து ஆள் வந்தது. கம்பத்தை எங்கே நடுவது என்ற பேச்சு எழுந்ததுமே எதிர்வீட்டுக்காரர், "என் வாசலில் வேண்டாம்" என்றார். மூலைவீட்டம்மா கதவையே திறக்கவில்லை. வந்த இன்ஜினீயர் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, லைன்மேனிடம் டேப்பைப் பிடிக்கச் சொன்னார். பின்சுவரிலிருந்து முன் காம்பவுண்டு வரை 32 அடி. பத்திரத்தில் 30 அடி. பழைய உடைமையாளர் காம்பவுண்டு எழுப்பும்போது தெருவை இரண்டடி தள்ளிக்கொண்டு, தெருவோரம் நின்ற கம்பத்தையும் உள்ளே போட்டுக்கொண்டிருக்கிறார்.

"கம்பம் உங்க ஜாகாவில் இல்லை, சுவாமி. உங்க சுவர்தான் ரோட்டில் இருக்கு" என்றார் இன்ஜினீயர்.

அதற்குமேல் நஷ்டஈடு எங்கே, வாடகை எங்கே? இதே டேப்பை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பிடித்திருந்தால், அரை மணி நேர வேலை. சப்-டிவிஷன் ஆபீசில் கம்பத்தின் நம்பரைக் கொடுத்து, இது எத்தனை வோல்ட் லைன், மாற்ற என்ன செலவாகும் என்று எழுதிக் கேட்டிருக்கலாம். அந்தச் செலவை விற்பவர் ஏற்க வேண்டும், அல்லது விலையில் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். தரகர் வாயால் சொன்னது எந்தக் காகிதத்திலும் இல்லை.

காம்பவுண்டை இடித்து இரண்டடி உள்ளே கட்டினார்கள். கம்பம் இப்போது தெருவில் நிற்கிறது. மாடியில் பால்கனியை விட்டுவிட்டு, முன்சுவரைக் கம்பியிலிருந்து நாலடிக்கு மேல் தள்ளி அறை எழும்பியது. அறை சிறுத்துப் போனதால் எதிர்பார்த்த வாடகை வரவில்லை. துண்டு விழும் தொகைக்காகப் பெரியவர் தன் பழைய பட்டறைக்குப் பக்கத்துப் பட்டறையில் பகுதி நேரமாக மறுபடி லேத் ஓட்டுகிறார்.