வகுக்காமலே பிழை பிடிக்கலாம்: கப்பல் இலக்கமும் கணக்குப் புத்தகமும்

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்குக் கிழக்கே நடுக்கடலில் ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்குச் சுமார் 270,000 தொன் மசகு எண்ணெயைக் கொண்டுபோன கப்பல் அது. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்தார். ஒன்பது மாதம் ஆகுமுன்னே, 2021 மே 20இல், கொழும்புக்கு வெளியே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ எரியத் தொடங்கியது. அந்தக் கப்பலுக்காக 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2025 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்படியான செய்திகளில் நான் முதலில் தேடுவது கப்பலின் பெயரை அல்ல. பெயர் மாறும், கொடி மாறும், உரிமையாளர் கைமாறுவார். மாறாமல் இருப்பது ஏழு இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.ஓ எண் மட்டும்தான். சர்வதேச கடல்சார் அமைப்பு 1987இல் கொண்டுவந்த இந்த முறை 1996 ஜனவரி 1 முதல் பெரிய கப்பல்களுக்குக் கட்டாயமாகியது. கப்பல் கட்டப்பட்டதிலிருந்து இரும்புக்காக உடைக்கப்படும் வரை அதே எண்தான். ஒரு கரையில் எண்ணெய் ஒதுங்கினாலோ, வலை அறுபட்டாலோ, யாரிடம் கேட்பது என்ற கேள்வி இந்த எண்ணில்தான் தொடங்குகிறது. ஒரு இலக்கம் பிசகினால் வேறொரு கப்பலின் மேல் பழி விழும், உரியவர் தப்பிவிடுவார்.

அந்த எண்ணைக் கையால் சரிபார்க்கலாம். நியூ டயமண்டின் எண் 9191424. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 63, 6, 45, 4, 12, 4. கூட்டினால் 134. இதன் கடைசி இலக்கம் 4. எண்ணின் ஏழாவது இலக்கமும் 4. பொருந்துகிறது. எக்ஸ்-பிரஸ் பேர்ளின் எண் 9875343. பெருக்கிக் கூட்டினால் 63, 48, 35, 20, 9, 8; மொத்தம் 183. கடைசி இலக்கம் 3, அதுவும் சரி.

இது மந்திரமில்லை, ஐந்தாம் வகுப்பிலேயே நாம் படித்த 10ஆல் வகுபடும் விதிதான். 134இலிருந்து 4ஐக் கழித்தால் 130. அது 10ஆல் வகுபட வேண்டும், அவ்வளவே. ஆனால் வெறுமனே கூட்டாமல் ஏன் 7, 6, 5 என்று பெருக்க வேண்டும்? நாம் அதிகம் விடும் பிழை இரண்டு பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவது. வெறும் கூட்டலுக்கு அது தெரியாது, 14ஐக் கூட்டினாலும் 41ஐக் கூட்டினாலும் 5தான். பெருக்கும் எண்கள் ஒன்று ஒன்றாக இறங்கும்போது, இடம் மாறிய இலக்கங்களின் வித்தியாசம் அப்படியே மொத்தத்தில் தெரிந்துவிடும். 9191424ஐ அவசரத்தில் 9194124 என்று தட்டினால் கூட்டுத்தொகை 137 ஆகிறது. நான்குக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று, 134 மூன்றால் ஏறிவிட்டது. கடைசி இலக்கம் 7, எண்ணில் இருப்பது 4. பிடிபட்டது.

இந்த முறையில் ஒரு ஓட்டையும் உண்டு. மூன்றாவது இலக்கத்தை 5ஆல் பெருக்குகிறோம் அல்லவா? அந்த இலக்கத்தில் இரண்டு குறைந்தால் மொத்தத்தில் 10 குறையும், கடைசி இலக்கம் அசையாது. 9191424க்குப் பதிலாக 9171424 என்று எழுதிப் பாருங்கள். மொத்தம் 124, கடைசி இலக்கம் 4. பிழையான எண் சரிபார்ப்பில் பாஸாகிவிடுகிறது. புகைப்படத்தில் மங்கலாகத் தெரியும் எண்ணைப் படிக்கும்போது மூன்றாவது இலக்கத்தை நான் இரண்டு தடவை பார்ப்பது இதனால்தான்.

ஊடகக் கற்கைகள் படித்த வருடங்களில் தலைப்பு எழுதுவதற்கும் படம் வெட்டுவதற்கும் பாடம் இருந்தது. ஒரு பெரிய எண்ணைக் கண்டால் என்ன செய்வது என்று எவரும் ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்கவில்லை. கணிப்பான் கைத்தொலைபேசியிலேயே இருக்கிறதே என்பார்கள். கணிப்பான் நாம் தட்டியதைத்தான் கணிக்கும். தட்டியதே பிழை என்று சொல்லாது.

திருகோணமலையில் இதை விளக்க நல்ல எண் ஒன்று இருக்கிறது: 99. சீனக்குடா எண்ணெய்க் குதங்களின் எண்ணிக்கை. 2022 ஜனவரி உடன்படிக்கையில் லங்கா ஐ.ஓ.சிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61 என்று பிரிந்தவை அவை. கூட்டிப் பாருங்கள், 99தான். ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும் என்பது வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் மொத்தம் 1,188,000 கிலோலீற்றர்.

இந்த மொத்தம் 99ஆல் வகுபடுமா என்று வகுக்காமல் அறிய, எண்ணை வலப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கங்களாக வெட்டுங்கள்: 00, 80, 18, 1. கூட்டினால் 99. வகுபடும். ஏன் இப்படி? 100 என்பது 99உம் ஒன்றும். ஒவ்வொரு நூறிலிருந்தும் ஒரு 99ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்று. நூறு நூறாக இருக்கும் பத்தாயிரத்திலும் அதே கதை. ஆக, வெட்டிய துண்டுகளைக் கூட்டினால் வருவது 99ஆல் வகுத்தபின் மிஞ்சுவதுதான். 9க்கான விதியும் இதே சங்கதி: 10 என்பது 9உம் ஒன்றும், அதனால் ஒற்றை இலக்கங்களாகக் கூட்டுகிறோம். ஒன்பதும் மூன்றும் இலக்கக் கூட்டுத்தொகைக்கு ஏன் கீழ்ப்படிகின்றன என்று பள்ளியில் கேட்ட பிள்ளைகளுக்கு இதுதான் பதில். நாம் பத்து பத்தாக எண்ணுகிறோம், பத்துக்கு ஒன்று குறைந்தது ஒன்பது.

இப்போது யாரோ ஒருவர் அந்த மொத்தத்தை 1,818,000 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 18. ஒன்பதின் பரீட்சையில் இது தேறிவிடும். இடம் மாறிய இலக்கங்களை ஒன்பது ஒருபோதும் பிடிக்காது. இரண்டிரண்டாக வெட்டினால் 00, 80, 81, 1 சேர்ந்து 162. திரும்ப வெட்டினால் 63. 99ஆல் வகுபடாது, எங்கோ பிழை. இங்கே வேலை செய்தது 99க்குள் ஒளிந்திருக்கும் 11. பதினொன்றின் விதியில் இலக்கங்களை வலமிருந்து ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்துப் போகிறோம், ஏனென்றால் 10 என்பது 11க்கு ஒன்று குறைவு. கூட்டல் இடத்தில் இருந்த இலக்கம் கழித்தல் இடத்துக்கு வந்தால் விடை மாறாமல் இருக்க முடியாது.

ஒன்பது பிடிக்காத அதே பிழையை வேறொரு விதத்தில் ஒன்பதே காட்டிக்கொடுக்கும். கணக்காளர்களுக்குப் பழகிய உத்தி இது. ஊர்ச் சங்கங்களுக்குத்தான் அதிகம் தேவை. மரண உதவிச் சங்கமோ, மாதர் சங்கமோ, மீனவர் சங்கமோ, வருடக் கூட்டத்தில் இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் முதலில் தலைகுனிவது பொருளாளர். கூட்டத்தில் எழும் அந்த முணுமுணுப்பை ஊரில் வளர்ந்த எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

வித்தியாசம் 27,000 ரூபா என்று வையுங்கள். 2உம் 7உம் ஒன்பது, ஆகவே 9ஆல் வகுபடும். இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 27,000ஐ ஒன்பதால் வகுத்தால் 3,000. இதில் இரண்டு தகவல் இருக்கிறது: பிழை ஆயிரம், பத்தாயிரம் இடங்களில், மாறிய இலக்கங்களின் வித்தியாசம் 3. புத்தகத்தில் 63, 36, 41, 14, 85, 58 என்று தொடங்கும் ஐந்து இலக்கத் தொகைகளைத் தேடுங்கள். 63,450 ரூபா டீசல் பற்றுச்சீட்டு 36,450 என்று ஏறியிருப்பது அகப்படும். பூச்சியம் ஒன்று நழுவினாலும் இப்படித்தான்: 4,500ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 4,050, அதுவும் ஒன்பதின் மடங்கு. ஒன்பதால் வகுபடாத இரட்டை எண் வந்தால் அதைப் பாதியாக்கிப் பாருங்கள். 3,700 வித்தியாசம் என்றால் 1,850ஐத் தேடுங்கள், வரவில் போட வேண்டியதைச் செலவில் போட்டிருக்கக்கூடும். இவை எதுவும் களவு நடக்கவில்லை என்று நிரூபிக்காது. களவு என்று சொல்வதற்கு முன்னர் எங்கே பார்ப்பது என்று மட்டும் சொல்லும்.

ஏழுக்கும் பதின்மூன்றுக்கும் ஒரே விதி போதும். பள்ளியில் ஏழுக்குச் சொல்லித்தரும் ‘கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழி’ என்ற விதி எனக்கு ஒருநாளும் மனதில் நின்றதில்லை. 7ஐ 11ஆலும் 13ஆலும் பெருக்கினால் 1001. ஆயிரம் அதற்கு ஒன்று குறைவு. ஆகவே மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, கூட்டிக் கழித்தால் போதும், நாம் காற்புள்ளி போடும் இடங்களிலேயே வெட்டு விழுகிறது. கரைவலை இழுத்த 13 பேருக்குச் சமபங்காக 30,550 ரூபா பிரிந்தது என்று சொன்னால், 550இலிருந்து 30ஐக் கழியுங்கள்: 520, பதின்மூன்றின் நாற்பது மடங்கு. ஆளுக்கு முழு ரூபாவாகப் பிரியும். 30,650 என்றிருந்தால் 620. பிரியாது, யாரோ கூடவோ குறையவோ எடுத்திருக்கிறார்.

கொள்கலன் இலக்கங்கள் இவற்றில் கெட்டிக்காரத்தனமானவை. திருகோணமலைக்கு வருவது அதிகம் கோதுமையும் கிளிங்கரும் போன்ற மொத்தச் சரக்குத்தான், என்றாலும் கண்டி வீதியில் கொள்கலன் லொறி போகாத நாளில்லை. கதவில் நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், பெட்டிக்குள் தனியாக ஒரு இலக்கம். எழுத்துகளுக்கும் ஒரு பெறுமானம் கொடுத்து, 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியைத்தான் அந்தப் பெட்டிக்குள் எழுதியிருக்கிறார்கள். 11 ஒரு பகா எண். பெருக்கும் எண் எதிலும் பதினொன்று ஒளிந்திருக்காது, அதனால் கப்பல் எண்ணின் மூன்றாவது இலக்கத்தில் பார்த்த ஓட்டை இதில் இல்லை: ஆறு இலக்கங்களில் எந்த ஒன்றை மாற்றினாலும் பெட்டி காட்டிக்கொடுக்கும். 10 மீதி வந்தால் 0 என்று எழுதுவது ஒன்றுதான் குழப்பம், அப்படி வரும் இலக்கங்களைத் தவிர்க்கும்படி விதியே ஆலோசனை சொல்கிறது.

வேண்டுமென்று பொய் சொல்பவரிடம் இந்தப் பரீட்சைகள் செல்லாது. தடைகளைத் தவிர்க்க ஓடும் எண்ணெய்க் கப்பல்கள் சில, இரும்புக்கு உடைக்கப்பட்ட பழைய கப்பல்களின் எண்ணைத் தம்முடையதென்று ஒலிபரப்புவது அண்மைக் காலத்தில் வெளிவந்திருக்கிறது. அது ஒருகாலத்தில் உண்மையான எண்ணாகவே இருந்ததால் பெருக்கலும் கூட்டலும் கனகச்சிதமாகப் பொருந்தும். அந்த இடத்தில் காகிதத்தை மூடிவிட்டு, சர்வதேச கடல்சார் அமைப்பின் ‘ஜிசிஸ்’ தரவுத்தளத்தில் எண்ணைப் போட்டுத் தேடுவேன். பதிவுசெய்தால் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கப்பலின் வகையும் இப்போதைய நிலையும் அதில் இருக்கும். உடைக்கப்பட்டது என்று பதிவான கப்பல் கடலில் ஓடிக்கொண்டிருந்தால், அங்கேதான் செய்தி இருக்கிறது.